மிச்சம்

காலை எட்டரைக்கே பேனாக்களை எண்ணி வைத்துவிட்டேன்.
ஊதா மை. டெல்லியிலிருந்து வந்தவை.
சொந்தப் பேனாவை வாசலில் வாங்கிக்கொள்வதும் என் வேலைதான்.
தங்க மூடி போட்டது, மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்தது,
சட்டைப் பையில் கசிந்த ஐந்து ரூபாய்ப் பேனா,
எல்லாம் ஒரே தட்டில்
கோயில் வாசல் செருப்புகள் மாதிரி கிடந்தன.

விதான சௌதாவுக்கு வெளியே தூறல்.
பளிங்குத் தரையில் ஈரக் காலடிகளோடு
கட்சி கட்சியாக வந்தார்கள்.
இன்றைக்குக் கொறடா கட்டளை இல்லை,
இருந்தும் கூட்டமாகத்தான் வந்தார்கள்.
மறைப்புக்குள் மட்டும் ஒருவர் ஒருவராக.

"கன்னட எண்ணில் போடலாமா அம்மா?"
போடலாம். எந்த மொழி எண்ணும் செல்லும்.
ஒன்று என்று எழுத்தில் எழுதினால் செல்லாது.
கையெழுத்துப் போட்டாலும் செல்லாது.
நாட்டின் முதல் குடிமகனைத் தேர்ந்தெடுப்பவர்
தான் யாரென்று சொல்லிவிடக் கூடாது.

பசவனகவுடர் இளஞ்சிவப்புச் சீட்டைத் தூக்கிப் பார்த்தார்.
"உத்தரப் பிரதேசத்துக்காரன் ஓட்டு இருநூற்றெட்டாம்,
என்னுடையது நூற்று முப்பத்தொன்றாம்.
என்னைப் பார்த்தால் எடை குறைந்தவன் மாதிரியா இருக்கிறது?"
அறையே சிரித்தது. நாற்காலியும் கொஞ்சம் முனகியது.
சிக்கிமில் ஏழுதான் ஐயா என்றேன்.
அவருக்கு மனம் ஆறிவிட்டது.

கணக்கை அவர் கேட்கவில்லை. நான் சொல்லவுமில்லை.
எழுபத்தொன்றாம் வருஷத்து ஜனத்தொகை,
இரண்டு கோடியே தொண்ணூற்றிரண்டு லட்சத்துச் சொச்சம்.
இருநூற்று இருபத்துநான்கால் வகு. மறுபடி ஆயிரத்தால் வகு.
நூற்று முப்பது வரும்.
மிச்சம் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
மிச்சம் ஐந்நூறைத் தாண்டினால் ஒன்று கூட்டிக்கொள்ளலாம்,
அது சட்டம்.
அப்படி வந்ததுதான் அந்தக் கடைசி ஒன்று.

எழுபத்தொன்றில்
மர்ஃபி டவுன் வீட்டுக் கதவில் தாரால் ஓர் எண் எழுதி
ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கேட்டிருக்கிறார்: எத்தனை பேர்?
அப்பா, அம்மா, அத்தை, பத்து மாதக் குழந்தை லூர்து.
நான்கு என்று எழுதிப் போனார்.
அடுத்த வருஷம் அம்மை வந்தது. மூன்றானார்கள்.
தாளில் நான்குதான்.

நான் பிறந்தது எழுபத்து மூன்றில்.
அதற்குப் பிறகு இந்த ஊரில் வந்து இறங்கிய
அத்தனை கம்ப்யூட்டர்காரர்களையும் போல
நானும் இந்தக் கணக்கில் கிடையாது.
எந்தக் குடியரசுத் தலைவரிலும் நான் ஒரு குன்றிமணிகூட இல்லை.
அவள் இருக்கிறாள்,
ஒவ்வொரு முறையும், பத்து மாதத்தோடு.

அம்மா அவள் பெயரையே எனக்கும் வைத்தாள்.
பயிற்சி வகுப்பில் சிவலிங்கப்பா சார்
கரும்பலகையில் விளக்கிக்கொண்டிருந்தார்:
யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால்
கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு
அவர் சீட்டுகளில் இரண்டு என்று எழுதியது யாருக்கோ
அவருக்கு மாற்றிவிடுவோம், ஓட்டு வீணாவதில்லை.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
என்ன மேடம் என்றார்.
ஒன்றுமில்லை சார், புரிந்துவிட்டது.

ஐந்து மணிக்கு அரக்கு உருக்கி முத்திரை வைத்தோம்.
ஒருவர் வரவில்லை. மருத்துவமனையில் என்றார்கள்,
எந்த மருத்துவமனை என்று யாரும் கேட்கவில்லை.
பேனாக்களைத் திரும்ப எண்ணினேன். சரியாக இருந்தது.
என் விரலில் எப்படியோ ஊதா.

இரவு தேவனஹள்ளியிலிருந்து விமானம்.
பெட்டிக்குத் தனி டிக்கெட், முதல் வரிசை,
சரக்கோடு அனுப்பக் கூடாதாம்.
சிவலிங்கப்பா சார் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்,
நடுவில் அது, பெல்ட் போட்டுக்கொண்டு.
விளக்குகளை அணைத்தார்கள். ஊர் கீழே சரிந்தது,
எத்தனை கோடி விளக்கு, யார் எண்ணினார்கள்.

பணிப்பெண் புதுசு போலிருக்கிறது.
இருக்கைக்கு ஒன்று என்று
பெட்டிக்கும் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்துப் போனாள்.
நான் என்னுடையதைக் குடித்தேன்.
அதனுடையதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.