பின்சுவர்ப் பச்சை

வெங் ஹுவாட் அறையைக் காலி செய்தபோது
இரண்டு மாத வாடகை பாக்கி.
அதற்கு ஈடாக
நாலடித் தொட்டியையும்
அதிலிருந்த லோஹான் மீனையும் விட்டுப் போனான்.
"அதிர்ஷ்ட மீன், அக்கா.
விரலை மட்டும் உள்ளே விட்டுடாதீங்க."

யீஷூனில் பதினோராவது மாடி,
மேற்குப் பார்த்த வீவக வீடு.
மூன்றரை மணி வெயில்
செருப்பைக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்து
உட்கார்ந்துகொள்ளும்.
மூன்றாம் வாரம் கண்ணாடி பச்சை பூத்தது.
ஆறாம் வாரம்
மீன் இருக்கிறதா என்று
தட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது.
பதிலுக்கு உள்ளிருந்து
ஒரு முட்டு.

மேல்மாடி சிம்முக்குத்தான் பொறுக்கவில்லை.
புதன், சனி, ஞாயிறு
பூதக்கண்ணாடியோடு வந்து நிற்பார்.
மீனின் விலாவிலுள்ள கறுப்புப் புள்ளிகள்
நாலு இலக்கமாம், குலுக்கலுக்கு.
"மூணாவது ஏழா, ஒண்ணா?
பாசியைக் கொஞ்சம் துடைச்சா என்ன?"

சிராங்கூன் நார்த்தில்
சக்கர் மீன் ஒன்று வாங்கி இரவில் விட்டேன்.
காலையில் அது
வடிகட்டிக்குப் பின்னால் கண்ணில்லாமல் கிடந்தது.
நத்தைகள் ஆறு.
ஓடுகள் மட்டும் மிஞ்சின,
கழுவிக் கவிழ்த்த கிண்ணங்களாய்.
பத்து வெள்ளிக்கு இறால் விட்டேன்,
பசியாறியது.
நட்ட செடிகளை வேரோடு பிடுங்கி
மேலே மிதக்கவிட்டது.
பிறகு நானே கையை விட்டேன்.

நான் முகப்பில் உட்காரும் பல் மருந்தகத்தில்
டாக்டர் ஹம்சவேணி
என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.
"யாரோட பல்லு இது?"
"வாடகை பாக்கி" என்றேன்.

கடைசி வழி, இருட்டு.
கறுப்புக் குப்பைப் பைகளைக் கிழித்து
நாலு பக்கமும் மேலும் ஒட்டினேன்.
மூன்று நாள் விளக்கில்லை, தீனியில்லை.
சனிக்கிழமை வந்த சிம்
வாசலிலேயே நின்றுவிட்டார்:
"யார் செத்தது?"

காற்றுக்குமிழி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
இரண்டாம் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.
அந்த முட்டுச் சத்தத்தில்தான்
இத்தனை நாள் தூங்கியிருக்கிறேன் என்பது
அப்போதுதான் உறைத்தது.
பிளாஸ்டிக்கில் காதை வைத்து
"இருக்கியா?" என்றேன்.
வாடகைக்கு இருந்தவனிடம்கூட
நான் அப்படிக் கேட்டதில்லை.

நாலாம் காலை பிரித்தேன்.
பாசி சாம்பலாகித் தோலுரிந்து தொங்கியது.
சுரண்டினேன், உறிஞ்சினேன்,
ஐந்து வாளித் தண்ணீர் மாற்றினேன்.
கண்ணாடி இருக்கும் இடமே தெரியவில்லை.
உள்ளே
நெற்றி புடைத்த சிவப்பு,
கோபம் ஒரு கிராம் குறையாமல்.

அன்று இரவு தொட்டி விளக்கைப் போட்டதும்
துலங்கிய பின்சுவரில்
அது இன்னொரு லோஹானைப் பார்த்தது.
அதே புடைப்பு, அதே முறைப்பு,
ஒரு அங்குலம்கூடப் பின்வாங்காத எதிரி.
விடிய விடிய மோதியது.
நான் விளக்கை அணைப்பதற்குள்
உதடு கிழிந்து
விலாவில் செதில்கள் உதிர்ந்திருந்தன.
இத்தனை நாளும் அந்தப் பாசி
இரண்டு பேரை விலக்கிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.
நான்தான் போய்
கதவைத் திறந்துவிட்டேன்.

புதன்கிழமை சிம் வந்தார்.
தெளிவான கண்ணாடி, தெளிவான மீன்.
எண்ணிப் பார்த்தார், திரும்பவும் எண்ணினார்.
மூன்று இலக்கம்தான் இருந்தது.
ஏழோ ஒன்றோ
அடிமணலில் எங்கோ கிடக்கிறது.
ஒரு கோப்பி குடித்துவிட்டு
என் கதவு எண்ணைக் குறித்துக்கொண்டு போனார்.

இப்போதெல்லாம் முன்பக்கத்தை மட்டும் துடைக்கிறேன்,
நீளக் கம்பில் கட்டிய பஞ்சால்.
மூன்றரை மணிக்குத் திரைச்சீலையை
ஒரு சாண் விலக்கி வைக்கிறேன்.
பின்சுவருக்கு அவ்வளவு வெயில் போதும்.
பச்சை மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது,
இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது.
இரவில் விளக்கணைத்து
விரலால் ஒரு தட்டு.

முட்டு.

சரி, தூங்கலாம்.