கோட்டோரம்

ரூல் புத்தகத்தில் அதற்குச் சைகை இல்லை.
பந்து வெளியே போனால் கொடி.
ஆஃப்சைடு என்றால் கொடி.
ஆள் மாற்ற, இரண்டு கையாலும் தலைக்கு மேல் கொடி.
இடப்பக்க காலரியில்
நாற்பது பேர் சேர்ந்து குரங்குபோலக் கத்தினால்
லைன்ஸ்மேன் என்ன செய்யவேண்டும் என்று
எந்தப் பக்கத்திலும் போடவில்லை.

கிருஷ்ணகிரி, ஏப்ரல், இரவு ஒன்பதரை.
கோட்டை மலைப் பாறை
பகல் வெயிலை இன்னும் கக்கிக்கொண்டிருந்தது.
கிரானைட் கம்பெனி கொடுத்த கோப்பை
மேசையில், துணி போர்த்தி.
பர்கூர் அணிக்காக பெங்களூரிலிருந்து
மேட்ச் கூலிக்கு வந்தவன்:
கோஃபி. கானாக்காரன். பத்தாம் நம்பர்.
மைக்கில் பேர் படித்த ரத்தினவேலு
'காப்பி' என்றான்.
'டபுள் ஸ்ட்ராங்' என்றது கூட்டம்.
மைக் சிரித்தது.
நானும் சிரித்தேன், கொஞ்சம்,
பல் தெரியாமல்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன்.
ஓடும்போது
எங்கள் மூச்சு ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.
பதினெட்டாம் நிமிடத்தில் சத்தம் தொடங்கியது.
பிறகு வாழைப்பழத் தோல்.
பிறகு உரிக்காத முழுப்பழமே ஒன்று,
யாரோ வசதிக்காரன்.

கொடியைத் தூக்கினேன்.
தூக்கிவிட்டேன்.
விசிலை வாயில் வைத்தபடி ரெஃப்ரி திரும்பினார்:
என்ன, ஆஃப்சைடா?
இரண்டாயிரம் பேர் என் கையையே பார்த்தார்கள்.
இறக்கினேன்.
தெரியாமல் தூக்கிவிட்டதாக
இன்னொரு கையை ஆட்டிக் காட்டினேன்.

இடைவேளையில் தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தபடி
கோட்டோரம் குந்தினான்.
குரங்குச் சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை,
அதை அவன் கேட்கவில்லை.
இன்னொன்றைக் கேட்டான்,
நாக்கை மடித்து, எழுத்தெழுத்தாக, மரியாதையோடு:
"க ரி ச் ச ட் டி. வாட் மீனிங்?"

வேகமாக ஓடுகிறவன் என்று சொன்னேன்
எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.
ஏழாம் வகுப்பிலிருந்து மூன்று வருஷம்
அதுதான் என் பேர் என்று சொல்லவில்லை.
வேகமாக ஓடக் கற்றதும் அப்போதுதான்,
அந்த அளவுக்குப் பொய்யில்லை.

பிறகு இரண்டு கோல் போட்டான்.
அதே காலரி இறங்கிவந்து தோளில் தூக்கிக்கொண்டது.
எங்க ஆளுடா, எங்க ஆளு.

மறுநாள் டீக்கடையில்
"நாமளே கருப்பு. நாம சொன்னா அது எப்பிடித் தப்பாவும்?"
என்றார் பட்டறை முனிரத்தினம்.
"வெளயாட்டுன்னா நாலு பேரு கத்தத்தான் செய்வான்."
"சும்மாவா வந்தான்? காசு எண்ணிக் குடுத்திருக்கு."
"பெங்களூர் ஆபீஸ்ல என் தங்கச்சி மவனுக்கும் இதே பேருதான்,
அவன் என்ன செத்தா போயிட்டான்" என்றவர்
அதற்குமேல் பேசவில்லை.
ஆறிப்போன டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.

கமிட்டித் தாளில்
'பார்வையாளர் நடத்தை' என்றொரு கட்டம்.
'உற்சாகம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு
வேலைக்குப் போனேன்.
பகலில் நான் கிரானைட் யார்டில் கல் தரம் பிரிக்கிறவன்.
கருப்பு எவ்வளவு கருப்போ அவ்வளவு விலை.
ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும்
சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கவேண்டும்.
அன்றைக்கு ஏழு பலகைக்குப் போட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் நடந்ததை மட்டும்
யாரிடமும் சொல்லவில்லை.
மேட்ச் முடிந்த இரவு, பன்னிரண்டு மணி,
ஓசூர் வண்டிக்கு நின்றிருந்தான்,
கணுக்காலில் ஐஸ் வைத்துக் கட்டிய துண்டு.
என்னைப் பார்த்ததும் கை நீட்டினான்.
"யூ ஆல்சோ," என்றான். "குட் ரன்னிங்.
கரிச்சட்டி."
பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.
திரும்பிய பஸ்ஸின் விளக்கு என் கண்ணில் அடித்தது.
தெரிந்து சொன்னானா, நான் சொன்ன அர்த்தத்தில் சொன்னானா,
முகத்தைப் பார்க்க முடியவில்லை.
கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டும்
பிடித்த கையை
அவன் உடனே விடவில்லை.