இது எங்கள் நீலம் இல்லை

அப்துல் ரஹ்மான் தெருவில் வாங்கிய காகிதம்.
நூறு தாள், வெள்ளைப் பாலிதீன், குறுக்கே ஒரு ரப்பர் பேண்ட்.
கம்பெனிப் பெயர் கிடையாது.
எத்தனை கிராம் என்று விற்றவனுக்கும் தெரியாது.
போட்டோ பேப்பர்தான் தீதி, கண்ணை மூடிக்கொண்டு போடு என்றான்.

பிரிண்டருக்கு மூடவும் கண் இல்லை.
உள்ளே போவது அட்டையா அப்பளமா
என்று அதற்குத் தெரியாது.
நான் சொல்வதை நம்பும்.

மாஹிம் ஸ்டேஷனுக்கு எதிரே ஆறுக்கு எட்டு கடை.
ஆகஸ்ட். சுவருக்கே வியர்க்கிறது.
வைஜயந்தி தாண்டேல் குடையை மடக்காமல் உள்ளே வந்தாள்.
போனில் ஒரு படகு.
நாரளி பூர்ணிமாவுக்குப் புதிதாய்ச் சாயம் அடித்தது.
அணியத்தில் சாமந்தி மாலை,
பக்கத்தில் அவள் தம்பி, கையில் இன்னும் பிரஷ்.
எட்டுக்குப் பத்து வேண்டும்,
ஓரத்தில் வெள்ளை விடக் கூடாது.

சாதா காகிதம் என்று சொல்லி அனுப்பினேன்.
கடல் சாம்பலாகி வந்தது.
தம்பிக்கு மஞ்சள் காமாலை.

கிளாஸி என்றேன்,
அதுவும் கம்பெனியின் சொந்தக் கிளாஸி என்று.
நம்பி, இருந்த மையையெல்லாம் கொட்டிவிட்டது.
படகின் நிழலில் மை தேங்கி நின்றது,
அடைமழையில் சயான் சர்க்கிள் போல.
உருளை ஏறிப்போன தடம் வேறு.
நீலம் கத்தரிப்பூவாகியிருந்தது.

அவள் அதைத் தொடவில்லை.
ஹா ஆம்ச்சா நிளா நாஹி என்றாள்.
இது எங்கள் நீலம் இல்லை.

நீலத்தில் என்ன உங்கள், எங்கள்
என்று கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் அவள் கணக்குச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்:
நீலம் மூன்று டப்பா, பச்சை அரை டப்பா,
கலக்குவது அவள்தான், தம்பிக்குக் கை நிதானம் போதாது.
திரும்பி வரும்போது
தூரத்திலேயே தெரிய வேண்டுமாம், வருவது யாரென்று.

புதுத் தாள் ஒன்றின் முனையை உதட்டில் வைத்தேன்.
ஒட்டினால் முகம், வழுக்கினால் முதுகு.
தாளுக்கு முத்தமா என்று சிரித்தாள்.
ஒட்டியது.
ஆக, பக்கம் சரி. நான் சொன்ன பெயர்தான் தப்பு.

மேட், லஸ்டர், செமி கிளாஸ், கேன்வாஸ், கவர்.
பட்டியலைக் கடைசி வரை உருட்டினேன்.
தெரியாது என்று ஒரு வரி இல்லை.

போன வருஷம் வீடு தேடியபோது
புரோக்கர் நாணாவட்டியின் படிவத்திலும் இப்படி ஒரு கட்டம்.
பிறந்தது சயான் ஆஸ்பத்திரியில் என்றேன்.
பேனா அதற்காக நிற்கவில்லை.
மதராஸி என்று எழுதி அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.
வீடு கிடைத்தது.
வாட்ச்மேன் அப்படித்தான் கூப்பிடுகிறார்.
நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

செமி கிளாஸ் என்றேன்.
தலை உரசாமலிருக்கத் தடிமனைக் கூட்டி,
வேகத்தைக் குறைத்து,
கடவுளை ஒன்றும் தொந்தரவு செய்யாமல்
பட்டனை அழுத்தினேன்.

முதலில் வானம் வந்தது. வெறும் வெள்ளை வானம்.
அப்புறம் தம்பியின் தலைமயிர், அப்புறம் காது,
கன்னத்தில் ஒரு சொட்டுச் சாயம்
(இதற்கு முன் இரண்டு தாளிலும் அது இல்லை).
அப்புறம் அரை டப்பா பச்சை ஒளிந்திருந்த அந்த நீலம்,
கோடு கோடாக,
அவசரமே இல்லாமல்.

ஃபேனை அணைத்தேன். ஐந்து நிமிஷம் தொடாதே என்றேன்.
இருவரும் புழுங்கிக்கொண்டு நின்றோம்.
நன்றாயிருக்கிறது என்றெல்லாம் அவள் சொல்லவில்லை.
விளிம்பைப் பிடித்துத் தூக்கி,
வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்து,
சின்னதாய் இன்னொன்று போடு, பர்ஸுக்கு, என்றாள்.

அவள் போன பிறகு
கத்தரிப்பூப் படகைத் திருப்பிப் போட்டேன்.
பென்சில் பிடிப்பது முதுகில்தான்.
செமி கிளாஸ். தடிமன் கூட்டு. ஃபேன் வேண்டாம்.
எழுதி, பாக்கெட்டின் ரப்பர் பேண்டுக்குள் செருகினேன்.

அது அதன் பெயர் இல்லை.
கூப்பிட்டால் வருகிறது.