கறள்

ஐஸ் பக்டரிக்குப் பின்னால் ஒரு அறை,
வாடகை நாலாயிரம், மீன்வாசம் இலவசம்.
முதல் ஏழு மாதமும்
கவிழ்த்த மீன்பெட்டிகளைத்தான்
ட்ரம்ஸ் என்றான் றிம்சான்.
பேண்டின் பெயர் கறள்.
கம்பியிலிருந்து என் விரலுக்கு வந்தது.

எனக்கு மூன்று கோர்ட்ஸ் தெரியும்.
எழுபத்தேழில் லண்டன் பெடியள்
அதை வைத்துத்தான் கத்தினார்கள்.
திருகோணமலைக்கு அது வந்துசேர
நாற்பது வருசம்.
பாதை பூட்டிக் கிடந்தது, வேறென்ன.

அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள்
கத்துவதை விட்டார்கள்.
பேஸை முன்னுக்கு நடக்கவிட்டு
கிற்றாரைக் கண்ணாடித்துண்டாய்
மூலையில் போட்டார்கள்.
அதுதான் எங்களுக்குச் சரிவந்தது:
சுவருக்கு அந்தப்பக்கம் கொம்பிரசர்
இரவுபகலாய் ஒரே சுரத்தில் உறுமும்.
நாங்கள் அதற்கு ரியூன் பண்ணினோம்.

பெர்னடெற் பாடமாட்டாள்.
வாசிப்பாள்.
கரண்ட் பில், சிவப்பு எழுத்து உட்பட.
பிறகு பழைய பொலிஸ் பதிவுப் படிவம்:
வீட்டில் இருப்போர் எத்தனை பேர்.
இல்லாதோர் எத்தனை பேர்.
இமை ஆடாது.

முதல் கச்சேரி, கச்சேரி என்றால்,
பஸ் நிலையத்தடியில் ரியூசன் கொட்டில்.
பலகையில் அழிக்காத இருபடிச் சமன்பாடு.
பதினொரு பேர்.
மூன்றாவது பாட்டில் கரண்ட் போனது.
அம்ப் செத்தது, என் கிற்றார்
நுளம்பு மாதிரி.
வாசலில் பொலித்தீன் தின்ற மான்
தலைதூக்கிப் பார்த்துவிட்டுத்
திரும்பவும் தின்றது.
பெர்னடெற் நிறுத்தவில்லை.

இல்லாதோர் எத்தனை பேர்.

இருட்டில், கடைசி வாங்கில்,
ஒரு ஆம்பிளைக் குரல்:
ரெண்டு.

றிம்சான் பெட்டியில்
இரண்டு தரம் அடித்தான்.
அடுத்தது நான்.
கை போகவில்லை.