முப்பத்தொரு சென்டிமீட்டர்

பட்டிப்பொல சதுப்பில் எடுத்த சேறு
இரண்டு மீட்டர் நீளத்துக்கு
நுவரெலியாவில் ஒரு மேசையில் படுத்திருக்கிறது.
கீழே பழசு, மேலே புதுசு. அதில் தகராறில்லை.
கோடு எங்கே போடுவது என்பதில்தான்.

காட்டு மரத்தின் மகரந்தம்
கடைசியாகத் தெரியும் இடத்தில், என்றார் ரணவீர.
கடைசி என்று எதை நம்புவது,
நாளைக்கே இன்னொரு துளையில் இன்னொன்று கிடைக்கும்.
டர்பன்டைன் மரம் முதன்முதலாக வருகிற
முப்பத்தொன்றில் போடுங்கள், என்றார் டாக்டர் ஃபரீனா.
முதலும் அப்படித்தானே என்று ரணவீர சிரித்தார்.
பிளேன்டீ ஆறிப்போனது.

லேபல் எழுதுவது என் வேலை.
பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
தேயிலைக் கட்டம் என்று வைக்கலாமே, என்றேன்.

நுணுக்குக்காட்டியை என் பக்கம் திருப்பினார் ஃபரீனா.
பாருங்கள் லோகநாயகி, தேயிலை எங்கே?

இல்லை.
பூக்க விட்டால்தானே.
வாரத்துக்கொரு தரம் கொழுந்து கிள்ளிய மலையில்
பூ ஏது, பூந்தூள் ஏது.
நூற்றைம்பது வருஷம்
சேற்றுக்குக் கேட்கவேயில்லை.

இருந்தது கரித்தூள்.
காடு எரித்த கரி என்றார் அவர்.
அடுப்புக் கரியாகவும் இருக்கலாம் என்றார் இவர்.
யார் வீட்டு அடுப்பு என்பது
அட்டவணையில் இல்லாத கேள்வி.

ஐந்து மணிக்குப் பெயர் முடிவானது:
பட்டிப்பொல மூன்று.
எழுதி ஒட்டினேன். மழைக்குளிரில்
பசை காயவில்லை, பெருவிரலால்
அழுத்திக்கொண்டு நின்றேன்.
எடுத்தபோது
முப்பத்தொன்றின் மேல் பாதி ரேகை.

புது லேபல் தரவா என்றார்கள்.
வேண்டாம் என்றேன்.