மழை தொடங்கிய நாள்

நியூ ஆர்லியன்ஸிலிருந்து நான்கரை மணி நேரம்.
கடைசி நாற்பது மைலுக்கு சிக்னல் இல்லை.
பைன் மரம், பைன் மரம், கோழி லாரி,
மறுபடி பைன்.
பலகையில் சிறை என்று எழுதவில்லை,
'மையம்' என்றிருக்கிறது,
ஏதோ நூலகத்துக்குப் போடுகிற மாதிரி.

தலை எண்ணும் நேரம், காத்திருங்கள் என்றாள்
வாசல் மேசை டார்லீன்.
மகன் இங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான்
வீட்டுக்குக் கூரை மாற்றினார்களாம்.
அதையும் கேட்டுக்கொண்டேன்.
மர ஆலை மூடிய ஊரில்
வேறு எது திறந்திருக்கிறது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அச்சிடி.
காமரூனிலிருந்து ஒன்பது நாடுகள் நடந்தும் மிதந்தும்
வந்தவன். செருப்பு மட்டும் இவர்களுடையது.

"எல்லையில் கேட்டார்கள்,
வீட்டை எரித்தது எந்தத் தேதி?
முதல் மழை பெய்த நாள் என்றேன்.
தேதி, தேதி என்றார்கள்.
எழுதியவரே மார்ச் மூன்று என்று போட்டுக்கொண்டார்.
தாகமாக இருந்தது. தலையாட்டிவிட்டேன்."

எங்கள் மனுவில் மார்ச் பதினேழு.
நடுவிலுள்ள பதினான்கு நாளுக்கு
அரசுத் தரப்பு மஞ்சள் மை பூசி வைத்திருக்கிறது.
ஒரு விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்துமளவு
இடம் இருக்கிறது அதற்குள்.

ஆகவே மழையைத் தேடினேன்.
ஏழு கடிதம். ஒரே பதில்,
அவன் ஊருக்கு ஆறு மைல் தள்ளிய மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து.
சிஸ்டர் பெர்பெச்சுவா
மழைமானி பார்த்துக் கையால் எழுதிய நோட்டின் நகல்:
பதினாறு, பூஜ்யம்.
பதினேழு, இருபத்திரண்டு மில்லிமீட்டர்.
ஓரத்தில், பென்சிலில்:
'இரவு. தகரச் சத்தத்தில் ஜெபம் கேட்கவில்லை.'

கண்ணாடியில் தாளை ஒட்டிப் பிடித்தேன்.
"இருபத்திரண்டு" என்றான்
வராது என்று விட்ட கடன் வந்தவன்போல.
நெடுநேரம் பார்த்தான்.
பிறகு ரிசீவரை மாற்றுக் காதுக்குக் கொண்டுபோய்க் கேட்டான்:
"அவ்வளவு பெய்ததா?
அப்புறம் ஏன் அணையவில்லை?"

அதை வியாழக்கிழமை அவர்களும் கேட்பார்கள்.
நூற்றறுபது மைல் தள்ளி,
திரையில் மட்டும் வருகிற நீதிபதியும் கேட்பார்.
எழுதிக்கொண்டேன்.
எரிந்தது எப்போது, பெய்தது எப்போது,
எது முந்தி என்று நான் கேட்பதற்குள்
நேரமாயிற்றென்று கதவைத் தட்டினார்கள்.
அவன் இரண்டு கைகளையும் உயர்த்தி எதையோ காட்டினான்,
கூரையின் உயரமோ, தீயின் உயரமோ.

வண்டியை எடுத்தபோது
முன்கண்ணாடியில் தூறல்.
நோட்டைத் திறந்து
மணி நாலு நாற்பது என்று குறித்தேன்.