இடைக்கோடு

சனி இரவு, ப்ர்னோவில் கடைசி டிராம்
பணிமனைக்குத் திரும்பியபின்
சர்வரைப் புதுப்பித்தேன்.
அடித்தளம் புதிது. அதன் மேல் டேட்டாபேஸும்.
பழையதும் புதியதும் கொஞ்ச நேரம்
ஒரே வீட்டில் வேறு வேறு கதவெண்ணில் குடியிருந்தன.
பிறகு பழையதை நிறுத்தினேன்.
அது ஒன்றும் சொல்லவில்லை.

நடுவில் திரை நிறைய ஓர் எச்சரிக்கை.
எழுதியவர் பொதியைப் பராமரிக்கும் ஐனோ கைவோலா.
ஊலுவில், சம்பளமில்லாமல்,
பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதியிருப்பார்.
நான் என்டர் தட்டினேன்.

திங்கள், தொலைந்த பொருள் அலுவலகம்.
ஒட்டகார் வ்ர்ட்டிலெக் ரசீதை நீட்டினார்:
1-17. காது கேட்கும் கருவி, இடது.
ரத்மிலா எண்ணை அடித்தாள்.
அப்படி எதுவும் இல்லை என்றது திரை.
அவள் முதுகுக்குப் பின்னே மூன்றாம் தட்டில்
பச்சைச் சீட்டோடு இருந்தது 1-17.
அவர் கைகாட்டினார்.
அவளும் திரும்பிப் பார்த்தாள்.
"இருக்கிறது. ஆனால் இல்லை."
"கொஞ்சம் உரக்க," என்றார் அவர்.

என்னைக் கூப்பிட்டார்கள்.
எண்ணைச் சொல்லித் தேடினால் இல்லை.
முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக நடந்தால்
இருக்கிறது.

பழைய அடித்தளம் இடைக்கோட்டை மதித்ததில்லை.
1-17 அதற்கு வெறும் நூற்றுப் பதினேழு;
11-7உம் அதேதான்.
ஜனவரிக் காதும் நவம்பர்க் குடையும் ஒரே பெஞ்சில்.
புதியது கோட்டுக்கும் ஓர் இடம் கொடுத்துவிட்டது.
நியாயம்தான்,
எத்தனை காலம் எழுத்தாகவே எண்ணப்படாமல் கிடந்தது.
ஆனால் சுட்டிப் பட்டியலிடம் யாரும் சொல்லவில்லை.
அது பழைய முனையிலேயே காத்து நிற்க,
தேடுபவன் புதுத் தெருவில் திரும்பிவிட்டான்.
சீயும் ஹெச்சும் சேர்ந்து வந்தால்
ஹெச்சுக்குப் பின்னால்தான் உட்கார வைப்போம் நாங்கள்,
பள்ளியிலிருந்தே.
வரிசை என்பது வானத்திலிருந்து விழுவதில்லை என்று
எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

பட்டியலை மறுபடி கட்டச் சொன்னேன்.
மறுத்தது.
1-17 இரண்டு இருக்கிறதாம்.

ஞாயிறு அன்று யாரோ
1-71 என்று அடிக்க வேண்டியதை மாற்றி அடித்திருக்கிறார்:
ஒரு டிரம்பெட்டின் ஊதுவாய்.
தடுக்க வேண்டிய காவல்
அன்றைக்கு வேறு தெருவில் நின்றது.

ஊதுவாய்க்குக் கையால் எண் மாற்றினேன்.
மீண்டும் கட்டியது. ஆறு நிமிடம்.
வ்ர்ட்டிலெக் கருவியை மாட்டிக்கொண்டு
மின்விசிறிச் சத்தம் இவ்வளவா என்று முகம் சுளித்தார்.

இரவு அந்த எச்சரிக்கையைத் தேடி எடுத்து வாசித்தேன்.
ஏழு வரி. எல்லாம் இருந்தது,
கோடு உட்பட.
கடைசி வரி:
"ஏற்கெனவே என்டர் தட்டிவிட்டீர்கள் என்றால்
பதற வேண்டாம். முதல் வரிக்குப் போங்கள்."

ஊதுவாயைக் கேட்டு இன்னும் யாரும் வரவில்லை.